நாக்குக்கு ஏற்ற தக்காளி

பட்டப்பெயர் என்றால் பெரும்பாலும் கேலிதான். ரிவர்ஸ் அக்காவுக்கு மட்டும் அது கைதட்டலோடு வந்தது. அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு நாள் காலை, சந்தைத் தெரு வளைவில் எதிரே வந்த லாரி பழுதாகி நின்றுவிட்டது. முன்னால் போக வழியில்லை. "இனிமே கிரேன் வந்தாதான்" என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். அவள் இறங்கி, பின்னால் நின்ற வண்டிகளை ஒதுங்கச் சொல்லிவிட்டு, மறுபடி ஏறிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அத்தனை நீள வண்டியைப் பின்னாலேயே எடுத்துப்போய்ப் பெரிய சாலையில் நிறுத்தினாள். ஓரத்தில் நின்ற பைக்குகளில் ஒரு கீறல் விழவில்லை. தெருவே கைதட்டியது. அன்றிலிருந்து டெப்போவிலும் சரி, வீட்டுப் பக்கமும் சரி, அவள் ரிவர்ஸ் அக்காதான்.

அவள் கணவர் சமையல்காரர். ஒரு பெரிய அச்சகத்தின் கேண்டீனில் தலைமைச் சமையல் அவருடையது. அவர் ருசி பார்க்கிற விதத்தைப் பார்க்கவே ஆட்கள் ஜன்னலோரம் நிற்பார்கள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்குவார். ஒரு கண்ணை மூடுவார். பிறகு "போதும்" என்பார், இல்லை "இன்னும் கொஞ்சம்" என்பார். அவர் போதும் என்று சொன்ன பாத்திரத்தில் யாரும் உப்புக் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. உடம்பு தேறிவிட்டது, நாக்கு தேறவில்லை. மூக்கும் அடைத்தாற்போல் ஆகிவிட்டது. சளி இல்லை, இருமல் இல்லை, ஆனால் எந்த வாசனையும் ஏறவில்லை.

முதலில் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் கேண்டீனில் சூப்புக்கு உப்புப் போட்டதை மறந்து மறுபடியும் போட்டார். வழக்கம்போல் உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார், வழக்கம்போல் ஒரு கண்ணை மூடினார், "போதும்" என்றார். அச்சகத்து ஆட்கள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்கள். மேலாளர் நல்ல மனிதர், திட்டவில்லை. கரண்டியை உதவியாளர் கையில் கொடுத்துவிட்டு, "கொஞ்ச நாள் காய் நறுக்குங்க, சரியானதும் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று மாலை அக்கா டூட்டி முடித்து வந்தபோது அவர் சமையலறை நாற்காலியில் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நாள் பூரா வெங்காயம் நறுக்கினேன். கண்ணுல தண்ணி வருது, வாசனை வரல."

அவள் மேலும் துருவவில்லை. மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மூக்கைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். "நரம்பு மெதுவாத்தான் திரும்பும். சில பேருக்கு மாசக்கணக்குல, சில பேருக்கு இன்னும் நாளாகும். விதவிதமா ருசியும் வாசனையும் காட்டிக்கிட்டே இருங்க" என்றார்.

காட்டினாள். எலுமிச்சை, கிராம்பு, காப்பித்தூள், வினிகர், பக்கத்து வீட்டுச் சோப்பு என்று அகப்பட்டதையெல்லாம் அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் மரியாதைக்கு முகர்ந்துவிட்டு, "பேப்பர் மாதிரி இருக்கு" என்பார். எதைக் கொடுத்தாலும் பேப்பர்தான். கீழ்வீட்டில் தையல் கடை வைத்திருக்கிற நாத்தனார், "எங்கண்ணன் அச்சகத்துல வேலை பாத்துப் பாத்து, பேப்பரே தின்னப் பழகிட்டாரு அண்ணி" என்று சிரிக்க வைக்கப் பார்த்தாள். சிரித்தது அவள் மட்டும்தான்.

இப்படி இருக்கையில் ஒரு விடுமுறை நாள் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவ அக்கா மேலே போனாள். தொட்டிக்கு அடியில் தண்ணீர் கசிகிற மூலையில், எப்போதோ கொட்டிய சமையலறைக் கழிவிலிருந்து ஒரு தக்காளிச் செடி தானாக முளைத்து, சுவரில் சாய்ந்துகொண்டு காய்த்திருந்தது. பழம் பெரிதில்லை, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது. தோலில் மஞ்சள் கீற்றுகள். ஒன்றைப் பறித்துச் சட்டையில் துடைத்து வாயில் போட்டாள். போட்ட வேகத்தில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. அப்படிப் புளிப்பு! அதற்குப் பின்னாலேயே ஒரு தித்திப்பும் வந்தது.

இன்னொன்றைப் பறித்துக்கொண்டு இறங்கினாள். செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்த கணவரிடம், "வாயைத் திறங்க" என்றாள். அவர் அலுப்போடு திறந்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னமோ குத்துது."

"எங்க?"

"நாக்கு ஓரத்துல. இந்தப் பக்கம்." விரலால் தாடையைத் தொட்டுக் காட்டினார். "புளிக்குதா?"

"என்னையா கேக்கறீங்க? உங்க வாயிலதானே இருக்கு!"

"புளிக்குது" என்றார் அவர். இந்த முறை அது கேள்வியாக இல்லை.

கடையில் வாங்கும் தக்காளியை வெட்டிக் கொடுத்துப் பார்த்தாள். பேப்பர். மாடிக்கு ஓடி இன்னொரு பழம் கொண்டுவந்தாள். குத்தியது. அன்று அக்காவின் மனதில் ஒரு வைராக்கியம் வந்து உட்கார்ந்தது. ஒரு தக்காளி அவர் நாக்கின் ஓரத்தை எழுப்புமானால், மற்ற இடத்தை எழுப்புகிற தக்காளியும் எங்கேயாவது இருக்கத்தான் வேண்டும்.

பேருந்து நிற்கும் கடைசி நிறுத்தத்துக்கு எதிரே ஒரு நாற்றுப்பண்ணை இருந்தது. அதை நடத்துகிறவர் வயதானவர், பேச ஆள் கிடைத்தால் விடாதவர். அக்கா போய் நின்றாள்.

"தக்காளி வேணும் அண்ணே."

"என்ன தக்காளி?"

"தக்காளியில என்ன இருக்கு, தக்காளிதான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பஸ் ஓட்டறவங்கதானே? நான் வந்து 'பஸ் எங்க போகும்'னு கேட்டா, 'பஸ்ல என்ன இருக்கு, பஸ்தான்'னு சொல்லுவீங்களா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு விஷயத்தைச் சொன்னாள். கிழவர் விளையாட்டை விட்டுவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

முதலில் இடத்தைப் பற்றிக் கேட்டார். வெயில் எந்நேரம் விழும், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் மேலே வருமா, செடி சாய சுவர் உண்டா என்றெல்லாம் விசாரித்தார். அவள் சொல்லச் சொல்ல, நாற்றுத் தட்டுகளுக்கு நடுவே நடந்து காட்டினார். ஒரு ரகம் இடுப்பளவு வளர்ந்து நின்றுவிடும், காய்ப்பதையெல்லாம் ஒரே மூச்சில் காய்த்துத் தள்ளிவிடும். அது குத்துச்செடி. இன்னொன்று குச்சி கட்டக் கட்ட ஏறிக்கொண்டே போகும், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்க்கும். அது கொடிவகை. குட்டித் தக்காளி வெயிலுக்கு அசராது. உள்ளங்கை நிறையும் பெரிய பழத்துக்குச் செல்லம் அதிகம், சூடு கூடினால் பூவை உதிர்த்துவிடும். முட்டை வடிவத்தில் சதைப்பற்றானது சமையலுக்கு நல்லது. மஞ்சள் பழத்தில் புளிப்புக் குறைவு. கருஞ்சிவப்பில் ஒரு கனமான ருசி.

"உங்க வீட்டுக்காரருக்கு எது பிடிக்கும்?"

"பிடிக்கறதுக்கு மொதல்ல தெரியணுமே அண்ணே. எல்லாத்துலயும் குடுங்க."

"அந்தத் தானா மொளைச்ச செடி இருக்குன்னீங்களே, அதை விட்டுடாதீங்க. கடைத் தக்காளி ரெண்டு ரகத்தைக் கலந்து உண்டாக்கினதா இருக்கும். அதோட விதையில வர்ற செடி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்."

"எங்க அண்ணன் தம்பிங்க மாதிரின்னு சொல்லுங்க."

"அதேதான். அதுல ஒருத்தன் உருப்படியா வந்திருக்கான். பிடிச்சுக்கங்க."

அக்கா பெயின்ட் வாளிகளைச் சேகரித்தாள். அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய உரமும் கலந்து நிரப்பி, மாடிச் சுவரோரம் பேருந்து வரிசை மாதிரி நிறுத்தினாள். நாத்தனார் கடையின் வெட்டுத் துணிகள் செடி கட்டும் கயிறாயின. சிவப்புத் துணி கட்டியது குட்டி, நீலம் கட்டியது சதைப்பற்று, பூப்போட்டது பெரிய பழம் என்று அடையாளமும் ஆயிற்று.

முதல் தடவை கோட்டை விட்டாள். கொடிவகையில் தண்டுக்கும் இலைக்கும் நடுவே கிளம்பும் பக்கத் துளிர்களைக் கிள்ளிவிட வேண்டும் என்று கிழவர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, எல்லாச் செடியிலும் கிள்ளித் தள்ளினாள். குத்துச்செடிக்கு அந்தத் துளிரில்தான் காயே வரும். பாவம், அது மொட்டைக் குச்சியாக நின்று நாலு பழம் கொடுத்துவிட்டு ஓய்ந்தது. பெரிய பழச் செடி நன்றாகப் பூத்து, வெயில் ஏறியதும் பூவையெல்லாம் கீழே கொட்டியது. சதைப்பற்றுத் தக்காளி காய்த்தது, ஆனால் ஒவ்வொரு காயின் அடியிலும் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்து அழுகியது. டூட்டி மாறும்போதெல்லாம் ஒரு நாள் தண்ணீர் இல்லை, மறுநாள் குடம் குடமாக ஊற்றல். அதன் பலன் அது.

நாத்தனார் மாடிப்படியில் நின்றபடி, "ஏன் அண்ணி, அவ்வளவு பெரிய பஸ்ஸைப் பின்னாடியே ஓட்டறீங்க, இந்தச் செடியை முன்னாடி ஓட்ட முடியலையா?" என்றாள்.

"பஸ்ஸுக்கு பிரேக் இருக்குடி. இதுக்கு எங்க இருக்குன்னு தேடிக்கிட்டிருக்கேன்."

தேடிக் கண்டுபிடித்தாள். தண்ணீர் ஊற்றுவதைக் கணவரின் பொறுப்பாக்கினாள், தினமும் காலையில், ஒரே அளவு. பெரிய பழத்துக்கு மட்டும் பழைய திரைச்சீலையைக் கட்டி மத்தியான நிழல் கொடுத்தாள். அடுத்த விதைப்பை வெயில் ஏறும் முன்பே தொடங்கினாள். காலையில் டூட்டிக்குக் கிளம்பும் முன் பூங்கொத்துகளை விரலால் லேசாகச் சுண்டிவிடுவாள். மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். கணவர் முணுமுணுத்துக்கொண்டேதான் தண்ணீர் சுமந்தார். ஆனால் ஒரு நாளும் தவறவில்லை. வெங்காயம் நறுக்கிவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதர், இப்போது மாடியில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். அதுவே அவளுக்குப் பாதி வெற்றி.

பழுக்கத் தொடங்கியதும் சமையலறை மேசை ஒரு பரிசோதனைச் சாலை ஆயிற்று. ஒவ்வொரு ரகத்திலும் ஒரு துண்டு தட்டில் வைப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார்.

"இது குத்துது. இது குத்தல. இது… இரு, இரு. இதுல வேற என்னமோ இருக்கு."

"என்ன இருக்கு?"

"வழவழன்னு. கடைசியில."

"தித்திப்பா?"

அவர் இன்னொரு துண்டு கேட்டார். கருஞ்சிவப்புப் பழம் அது. மூன்று துண்டு தின்றபின், "தித்திப்புதான்" என்றார். அன்று அந்தப் பழத்தை வேறு யாருக்கும் அவர் கொடுக்கவில்லை. நாத்தனார் கேட்டதற்கு, "மருந்து, கைவைக்காதே" என்றார்.

வாசனைதான் கடைசிவரை வீம்பு பிடித்தது. அது வந்த நாள் அக்காவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாடியில் கொடிகளைக் கட்டிப் பக்கத் துளிர்களைக் கிள்ளிவிட்டு இறங்கினாள். தக்காளி இலைச் சாறு பட்டால் விரல் பச்சை படிந்து கறுக்கும், சோப்புக்கும் லேசில் போகாது. கை கழுவக்கூட இல்லை, அவருக்குத் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். வாங்கப் போனவர் டம்ளரை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உன் கையில என்ன?"

"என்ன? அழுக்கு. செடியில வேலை."

"இல்ல. வாசனை. பச்சையா, கொஞ்சம் காரமா…" அவள் கையை முகத்தருகே கொண்டுபோய் மறுபடி இழுத்தார். "இலை வாசனை. எனக்கு வருது."

அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவசரமாக மறு கைக்கு மாற்றிய டம்ளர் சாய்ந்து தண்ணீர் தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் விரல் விரலாக முகர்ந்தார், சின்னப் பிள்ளை புதுப் புத்தகத்தை முகர்வதுபோல. வழக்கமாக அழுகையைப் பல்லைக் கடித்து விழுங்கிவிடுகிறவள், அன்று விழுங்கவில்லை. அவர்தான் பதறிப்போய், "வாசனை வந்ததுக்கு யாராவது அழுவாங்களா?" என்றார், தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. காப்பி, வெங்காயம், மழை நனைத்த மண், நாத்தனார் கடையின் புதுத்துணி. முன்பிருந்த அளவுக்கு முழுதாக வந்துவிட்டதா என்றால் அவருக்கே தெரியாது. ஆனால் ஒன்று நடந்தது. அத்தனை காலம் ஒவ்வொரு துண்டாகக் கவனித்து மென்று பழகியதில், முன்பு பிடிபடாததெல்லாம் இப்போது பிடிபட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் அவர் கண்ணைத் துணியால் கட்டி, ரகங்களைக் கலைத்துப்போட்டுக் கொடுத்தாள். ஒன்றுகூடத் தவறாமல் சொன்னார். கடைசித் துண்டில், "இது பூத்துணிச் செடிதான். ஆனா மூலையில இருக்கற வாளி. அதுல நேத்து நான் தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டேன், சப்புன்னு இருக்கு" என்றார்.

நாத்தனார் துணியை அவிழ்த்து, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

அவர் மறுபடி கரண்டி பிடித்தார். முதல் நாள் வைத்த சூப்பு மாடித் தக்காளியில். சாற்றுக்குச் சதைப்பற்று, நிறத்துக்குக் கருஞ்சிவப்பு, இறக்கும் நேரத்தில் புளிப்புக்காக அந்தத் தானாக முளைத்த செடியின் குட்டிப் பழம் ஒரு கை. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். சமையற்கட்டில் எல்லோரும் கைவேலையை நிறுத்தினார்கள். "போதும்" என்றார். அச்சகத்து ஆட்கள் இரண்டாம் தடவை வரிசையில் நின்றார்கள். மேலாளர் தட்டோடு உள்ளே வந்து, "தக்காளி எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்.

"வாங்கல. என் பொண்டாட்டி செஞ்சது" என்றார் சமையல்காரர். தக்காளியை யாராவது செய்வார்களா என்று யாரும் கேட்கவில்லை. அவர் சொன்ன தோரணை அப்படி.

சொன்னதிலும் தப்பில்லை. அந்தத் தானாக முளைத்த செடியை அக்கா உண்மையிலேயே செய்துகொண்டிருந்தாள். அதன் பழத்து விதைகளைச் சாற்றோடு ஒரு கிண்ணத்தில் சில நாள் புளிக்கவிட்டு, கழுவி, காயவைத்து விதைத்தபோது, கிழவர் சொன்னபடியே ஒவ்வொரு செடியும் ஒரு மாதிரி வந்தது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒன்றில் கீற்றே இல்லை, ஒன்றில் தோல் ரப்பர். எல்லாவற்றின் பழத்தையும் தட்டில் வரிசையாக வைத்தாள். அவர் தின்று சொன்னார், அவள் செடியைப் பார்த்து முடிவெடுத்தாள். ருசி நன்றாக இருந்து நோயில் சுருண்டால் வேண்டாம். செடி திடமாக இருந்து பழம் சப்பென்றால் வேண்டாம். அதில் சண்டைகூட வந்தது.

"இது நல்லாயிருக்கே, ஏன் கழிக்கிற?"

"நாக்குக்கு நீங்க, செடிக்கு நான். காத்துல ரெண்டு தடவை படுத்துடுச்சு இது. வேணாம்."

தேறியதன் விதையை மட்டும் எடுத்து மறுபடி விதைத்தாள். அதிலும் தேறியதை மறுபடி. இப்படி விதைப்புமேல் விதைப்பாகப் போய், ஒரு தடவை விதைத்த அத்தனை வாளியிலும் ஒரே மாதிரிச் செடி எழுந்தது. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, தடித்த தண்டு, மஞ்சள் கீற்றுப் பழம், கண்ணை மூடவைக்கும் புளிப்பு, பின்னாலேயே தித்திப்பு. அக்கா அன்று சீருடையோடு மாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள், திரும்பி நடந்தாள். டெப்போவில் முதன்முதலாகத் தன் பெயருக்கு ஒரு வண்டி ஒதுக்கிய நாளில்கூட இப்படி நடந்ததில்லை.

நாற்றுப்பண்ணைக் கிழவரிடம் ஒரு கூடை கொண்டுபோய் வைத்தாள். அவர் ஒன்றைக் கடித்தார். இன்னொன்றைப் பிளந்து, விதையை விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். "விதை குடுப்பீங்களா?" என்றார் கடைசியில். "எங்கிட்ட இப்படி ஒண்ணு இல்ல."

கொடுத்தாள். அடுத்த பருவத்தில் அவர் பண்ணையில் முன்வரிசைத் தட்டு அதுதான்.

கொஞ்ச நாள் கழித்து, கடைசி நிறுத்தத்தில் ஒரு பெரியவர் கையில் நாற்றுப் பையோடு பேருந்தில் ஏறினார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியில் அக்கா பார்த்தாள். தண்டையும் இலையையும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"தக்காளியாங்க?" என்றாள், சிக்னலில் நின்றபோது.

"சாதாரணத் தக்காளி இல்லம்மா. இது புது ரகம். புளிப்பும் தித்திப்பும் ஒண்ணா இருக்கும். உனக்கு எங்க தெரியப் போவுது, பஸ்லயே பொழுது போயிடும்." அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "காலையில தண்ணி, ஒரே அளவா ஊத்தணும். கூட்டினாலும் தப்பு, குறைச்சாலும் தப்பு. பூவை லேசா சுண்டி விடணும். யாரோ ஒரு பொம்பளை மொட்டைமாடியில வெச்சே உண்டாக்கினதாம், பண்ணைக்காரர் சொன்னார். லேசுப்பட்ட வேலையா அது?"

"கஷ்டம்தான்" என்றாள் அக்கா.

"கஷ்டமா? மூளை வேணும்மா, மூளை!"

சிக்னல் விழுந்தது. அக்கா வண்டியை எடுத்தாள். அவர் இறங்கும் நிறுத்தம்வரை தக்காளியைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் "அப்படியா", "சரிங்க", "ஓஹோ" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினாள். இறங்கும்போது, "நீயும் ஒண்ணு வாங்கி வெச்சுப் பாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் இதைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு மேசையைத் தட்டினார். "நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லியிருந்தா அவர் பேச்சை அங்கேயே நிறுத்தியிருப்பாரு" என்றாள் அக்கா, காலணியைக் கழற்றிக்கொண்டே. "நான் முழுசாக் கேக்கணும்ல!"